துருவை விரட்டப் போய்ப் பொறியையே கெடுக்கும் தவறுகள்

எலி பிடிக்கப் புதிதாகக் கிளம்பியிருக்கும் ஒரு தம்பி, போன வாரம் நான்கு ஸ்பிரிங் பொறிகளைக் கொண்டுவந்து காட்டினான். "துரு ஒரு பொட்டுகூட இல்லை, பாருங்கண்ணே." உண்மைதான், கறுத்துச் சுத்தமாக இருந்தன. ஒன்றை வாங்கி, எலிமேல் விழுந்து அடிக்கும் கம்பியான தாடையைத் தூக்கினேன். ஒற்றை விரலுக்கே எழுந்து வந்தது. "அடுப்பில் போட்டாயா?" என்றேன். தலையாட்டினான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்ததும் இதேதான்.

ஈரத்தில் போடாதே, மழையில் விடாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தீயில் வாட்டுவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். தீயில் போட்டால் துரு உதிரும், பழைய வாடை போகும், வேலை பத்து நிமிடத்தில் முடியும். அதனால்தான் எல்லோரும் இதில் விழுகிறார்கள். போவது துரு மட்டும் இல்லை, ஸ்பிரிங்கின் உயிரும்தான்.

சாதாரண இரும்புக் கம்பியைச் சுருட்டினால் அது ஸ்பிரிங் ஆகிவிடாது. கார்பன் கூடுதலாக உள்ள எஃகை இழுத்து இறுக்கியோ, சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து மறுபடி அளவான சூட்டில் பதமேற்றியோதான் அந்த விறைப்பைக் கொண்டுவருகிறார்கள். கட்டுப்பாடில்லாத தீயில் அது மங்கலாகச் சிவக்கத் தொடங்கும்போதே சூடு 500 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கும். பதம் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். ஆறிய பிறகு பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதுதான் ஆபத்து.

நான் ஆறு பொறிகளை இப்படி வாட்டி, ஒரு தானியக் கிடங்கில் வரிசையாக வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் ஆறிலும் இரை இல்லை. நான்கு பொறிகள் விழுந்திருந்தன, ஒன்றில்கூட எலி இல்லை. விழுந்தவற்றில் ஒன்றில் கொஞ்சம் ரோமம் ஒட்டியிருந்தது. அடி வேகமாக விழுந்தால் எலி அந்த நொடியே சாகும். தளர்ந்த தாடை அதைக் காயப்படுத்தி விட்டுவிடும். காயத்தோடு எங்கோ போய் ஒடுங்கிய அந்த உயிரை நினைத்து எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை. தப்பித்த எலி பிறகு பொறிப் பக்கமே வராமல் போகலாம். ஆறு பொறிகளையும் தூக்கிப் போட்டேன். மறுபடி பதமேற்றலாம்தான், ஆனால் அந்தச் செலவுக்குப் புதுப் பொறியே வாங்கிவிடலாம்.

துத்தநாகம் பூசிய கம்பிக்கூண்டு என்றால் இன்னும் மோசம். துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகிவிடும். அதிலிருந்து எழும் வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சும் போய்விடுவதால் கூண்டு முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

சரி, துருவை எப்படித்தான் எடுப்பது? லேசான துருவென்றால் கம்பித் தூரிகை போதும். கெட்டியான துருவுக்கு, ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற வெற்று இரும்புப் பாகங்களை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். அப்புறம் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்துக் காயவையுங்கள். ஸ்பிரிங்குக்கு அமிலமே வேண்டாம், குறிப்பாகக் கழிப்பறை கழுவும் ஆசிட். அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் கெட்டியான எஃகுக்குள் புகுந்து அதை முறியவைக்கும்.

கூண்டின் வெள்ளைப் பொடியைத் துரு என்று சுரண்டுவது

ஈரத்தில் கிடந்த கூண்டில் வெள்ளையாகப் பூக்கும் பொடி துத்தநாகத்திலிருந்து வருவது. உள்ளே இருக்கும் இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கம்பித் தூரிகையால் சுரண்டினால் அந்தக் காவலை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள். நைலான் தூரிகையும் தண்ணீரும் போதும். வினிகரில் ஊறவைத்தாலும் பூச்சு கரைந்துவிடும்.

கழுவாமல் எண்ணெய் போடுவது

எலியின் சிறுநீரில் உப்பு உண்டு. அதன்மேல் எண்ணெய் பூசினால் அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு எண்ணெய். கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் அந்தச் சிறுநீர் வழியாகத்தான் பரவுகிறது. பிளீச்சிங் கரைசலில் கிருமி நீக்கினால் நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள், மிஞ்சும் குளோரின் இரும்பைத் தின்னும்.

சமையல் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பசையாகி மூட்டில் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மூட்டுக்கு மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும்.

மெழுகை எல்லா இடத்திலும் பூசுவது

பாரஃபின் மெழுகு நல்ல காவல். ஆனால் நேரடித் தீயில் உருக்காதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும். கொதிநீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்குங்கள். பொறியில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது, பொறியும் சற்றுச் சூடாக இருந்தால் மெழுகு மெல்லிய படலமாகப் படியும். தாடையைத் தூக்கிப் பிடித்து வைக்கும் கொக்கியும் அது தங்கும் பள்ளமும் மட்டும் மெழுகில்லாமல் இருக்கட்டும். அங்கே வழுக்கினால் ஏற்றும்போதே உங்கள் விரலில் விழும்.

செம்புக் கம்பியால் கூண்டைக் கட்டுவது

வேண்டாம். செம்பு தொடும் இடத்தில் துத்தநாகம் வேகமாகக் கரையும்.

ஏற்றியபடியே பரணில் வைப்பது

ஸ்பிரிங்கைத் தளர்த்தித் தரையில் படாமல் மாட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்க்கும்.