குடும்பக் குரூப்பில் அனுப்பும் முன்: பதிப்புரிமையில் நடக்கும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு குடும்பம் என்றால் பாதிப் பேர் ஊரில், மீதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும். பாட்டு, படம், புத்தகம் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் போய்வருகின்றன. பதிப்புரிமைத் தவறுகளும் பெரும்பாலும் அங்கேதான்.

என் போனில் இறக்கியதை யாருக்கும் அனுப்பலாம் என்று நினைப்பது முதல் தவறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவதை மீறலாகக் கருதுவதில்லை. பிறகு படிக்கலாம் என்று ஒரு கட்டுரையைச் சேமிப்பது அந்த வகை. முழு நாவலின் பிடிஎப்பை இருநூறு பேருக்குத் தள்ளிவிடுவது அதில் சேராது. ‘காசு வாங்கவில்லையே’, ‘ஆசிரியர் பெயரைப் போட்டேனே’ என்ற சமாதானங்கள் எடுபடாது. மென்பொருளுக்கோ இந்தச் சலுகையே இல்லை. கல்யாண ஆல்பம் செய்யும் கடையில் தெரிந்தே, உரிமம் வாங்காத ‘கிராக்’ மென்பொருளை ஓட்டினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம்.

‘பழைய பாட்டுதானே’ என்பது அடுத்தது. இதில்தான் விஷயம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். நம்ம சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் மறைந்தது 1981இல். எழுதியவரின் ஆயுள், அதற்குமேல் 60 ஆண்டு என்பது கணக்கு. மறு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து எண்ணுவதால், அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. சினிமாவுக்கும் இசைத்தட்டுக்கும் கணக்கு வேறு: வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. ஆகவே 1960இல் வந்த படத்தின் உரிமை 2020 முடிவில் தீர்ந்திருக்கும். அதிலுள்ள பாட்டு வரிகளுக்கு உரிமையாளர் இன்னும் இருக்கலாம். பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை, தாராளமாகப் பகிரலாம். ஆனால் அவற்றைப் போன வருடம் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு.

கல்யாண விஷயத்தில் சட்டம் கொஞ்சம் தாராளம்தான். மாப்பிள்ளை அழைப்பில் ஸ்பீக்கர் வைத்துச் சினிமாப் பாட்டுப் போடலாம்; கல்யாண ஊர்வலம், அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கு விலக்கு இருக்கிறது. அதே பாட்டை வீடியோவில் ஒட்டி யூடியூபில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு துணை வராது. புகைப்படத்தில் நிலைமை தலைகீழ்: பாட்டின் உரிமை பிறருடையது, இங்கே உரிமை உங்கள் பக்கம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) எடுத்த உங்கள் வீட்டுப் படத்தை ஸ்டூடியோ விளம்பரத்துக்குப் போட உங்கள் சம்மதம் வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள், ஒப்பந்தம் அங்கே ஒளிந்திருக்கலாம்.

கானாடுகாத்தான் பங்களாவைத் தெருவில் நின்று நீங்களே படம் எடுப்பதில் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. வேறொருவர் எடுத்த படத்தைக் கூகுளில் தேடி எடுத்து ஹோம்ஸ்டே நோட்டீசில் அச்சடித்தால், எடுத்தவர் கேள்வி கேட்கலாம்.