கொடுக்கும் கையே வாங்கும் கையானால்: பல்கலைக்கழக அறக்கட்டளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களுக்கு நிதி திரட்டித் தரவும் அதைக் காக்கவும் தனியாக ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. சட்டப்படி அது வேறு அமைப்பு. அந்த வேறுபாடு பதிவுப் பத்திரத்தோடு நின்று, நிர்வாகக் குழுவின் கூட்டத்துக்குள் நுழையாமல் போவதே பெரும்பாலான வில்லங்கங்களுக்கு வேர்.

ராபர்ட்சன் அறக்கட்டளையின் கதை இதற்குத் தகுந்த பாடம். 1961ஆம் ஆண்டில் சார்லஸ், மேரி ராபர்ட்சன் தம்பதியர், ஏ அண்ட் பி என்ற மளிகைக் கடை நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளில் 3.5 கோடி டாலர் மதிப்புள்ளவற்றைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கென ஒதுக்கினர். அரசுப் பணிக்கு, அதிலும் வெளியுறவுப் பணிகளுக்கு, முதுநிலை மாணவர்களை ஆயத்தப்படுத்துவதே நோக்கம். அதற்கென அமைந்த அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் இருந்த ஏழு இடங்களில் நான்கைப் பல்கலைக்கழகமும் மூன்றைக் குடும்பமும் நிரப்பின. தவறு இந்தக் கணக்கிலேயே தொடங்குகிறது என்பது என் கருத்து: ஒரு செலவு நோக்கத்துக்குள் அடங்குமா என்ற கேள்வி எழும்போது, செலவழித்த தரப்பிடமே பெரும்பான்மை வாக்கும் இருந்தால், அங்கே நடப்பது மேற்பார்வை ஆகாது.

பட்டம் பெற்றவர்களில் அரசுப் பணிக்குச் சென்றவர்கள் மிகக் குறைவு, பணம் வேறு வழிகளில் செலவாகிறது என்று கூறிக் குடும்பத்தார் 2002இல் வழக்குத் தொடுத்தனர். பல்கலைக்கழகம் அதை மறுத்தது. 2008 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டு, அறக்கட்டளை கலைக்கப்பட்டது. நிதி பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அதற்கு ஈடாக, குடும்பத்தின் வழக்குச் செலவுக்கு 4 கோடி டாலரும், அதே நோக்கத்துக்காக அவர்கள் தொடங்கவிருந்த புதிய அமைப்புக்கு 5 கோடி டாலரும் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. வழக்குச் செலவு மூலக் கொடையையே மிஞ்சிவிட்டது (பணவீக்கத்தைக் கணக்கில் கொள்ளாமல்தான்).

கொடைப் பத்திரத்தின் வாசகத்தை அலட்சியமாக எழுதுவது அடுத்த தவறு. ‘ஆயத்தப்படுத்துதல்’ என்பது பாடம் நடத்துவதோடு முடிகிறதா, மாணவர் அப்பணியில் சேர்ந்தால்தான் நிறைவேறுகிறதா? எதை வைத்து அளப்பது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அளப்பது, நோக்கம் காலாவதியானால் பணம் எங்கே போவது என்பவற்றைக் கொடையாளர் உயிரோடிருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும்.

ஒருவரையே இரண்டு நாற்காலிகளிலும் அமர்த்துவதும் கூடாது. லூயிவில் பல்கலைக்கழகத்தின் தலைவரே அதன் அறக்கட்டளைக்கும் பல்லாண்டுகள் தலைவராக இருந்தார். 2017இல் வெளியான தடயவியல் தணிக்கை (முறைகேடுகளைத் துருவி ஆராயும் தணிக்கை) அறிக்கை, நீண்ட காலத்துக்கென முதலீடு செய்து வைத்த மூலநிதியிலிருந்து அளவுக்கு மீறிப் பணம் எடுக்கப்பட்டதைச் சுட்டியது.

கூட்டக் குறிப்பில் “ஒருமனதாக ஏற்கப்பட்டது” என்று ஒற்றை வரி எழுதி முடிப்பது சிறிய தவறாகத் தோன்றும். தன் உறவினரின் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்கப்படும்போது உறுப்பினர் அதை அறிவித்தாரா, அறையை விட்டு வெளியேறினாரா, வாக்களிக்காமல் இருந்தாரா என்பதை அந்த வரி சொல்லாது. லாப நோக்கமற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் அமெரிக்க வருவாய்த் துறையிடம் தாக்கல் செய்யும் 990ஆம் படிவம், முரண்நலக் கொள்கை (உறுப்பினரின் சொந்த நலன் அமைப்பின் நலனோடு மோதும்போது என்ன செய்வது என்ற விதி) உண்டா என்று கேட்பதோடு, படிவத்தைத் தாக்கல் செய்யும் முன் அதன் முழுப் பிரதி எல்லா உறுப்பினர்களுக்கும் தரப்பட்டதா என்றும் கேட்கிறது. முதல் நாள் இரவு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாலும் அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிடலாம். படித்தவர் எத்தனை பேர் என்று படிவம் கேட்பதில்லை, நிர்வாகக் குழுவின் தலைவர்தான் கேட்க வேண்டும்.