சபா மேடைக்குச் சில சிக்கனக் குறிப்புகள்

பெங்களூரில் சபா, தமிழ் மன்றம், நாடகக் குழு என்று அரங்க நிகழ்ச்சி நடத்துபவர்கள் முதலில் அண்ணாந்து விளக்குகளைப் பாருங்கள். பழைய ஹாலஜன் ‘பார்’ (PAR) மேடை விளக்கு ஒன்றே 1000 வாட் இழுக்கும். அதில் பெரும்பகுதி வெளிச்சமாக அல்ல, வெப்பமாகவே இறங்குகிறது. ஆடுபவரின் ஒப்பனை வழியும். அந்தச் சூட்டைத் தணிக்க ஏசி வேறு திணறும். சிறிய மேடைக்கு 200 வாட்டுக்கு உட்பட்ட எல்இடி விளக்குகளே போதும். வாடகைக்கு எடுப்பவர்கள் ஒளியமைப்பாளரிடம் முன்பணம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சியன்று கேட்டால் வண்டியில் வந்ததுதான் கிடைக்கும். ஒத்திகைக்குக் குழல் விளக்கு போதும். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். முன்வரிசையில் சால்வை போர்த்திக்கொண்டு கச்சேரி கேட்பவர்களும் மகிழ்வார்கள்!

ஃபிளெக்ஸ் பேனருக்குக் கர்நாடகத்தில் 2016 முதலே தடை இருக்கிறது. பின்திரைக்கு ஒரே வண்ணத் துணி எடுத்துச் சபாவின் பெயரை மட்டும் தைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நிகழ்ச்சியின் பெயரை அட்டையில் வெட்டிக் குண்டூசியால் குத்தலாம். ஆண்டை மட்டும் துணியில் தைத்துவிடாதீர்கள், அடுத்த முறை திரை பயன்படாது. குடிநீருக்கு 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் டம்ளரும். கழுவ ஓர் ஆளை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்; இல்லாவிட்டால் இடைவேளைக்குள் யாராவது காகிதக் குவளை வாங்கிவந்துவிடுவார்கள்.