இலைக்கதிர்க்குருவியைக் காதால் பிடியுங்கள்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, மர உச்சியில் "சிவீ... சிவீ" என்று ஈரசைக் குரல் விடாமல் கேட்கிறதா? பச்சை இலைக்கதிர்க்குருவியாக இருக்கலாம். இமயமலை, நடு ஆசியப் பக்கமிருந்து குளிர்காலம் கழிக்க வரும் குருவி. எடை பெரும்பாலும் 10 கிராம்கூடத் தேறாது. தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகத் தேடினால் கழுத்துவலிதான் மிச்சம். குரல் வரும் கிளையை வெறுங்கண்ணால் பார்த்தபடி நில்லுங்கள். சிறகை வெடுக்கென்று உதறிக்கொண்டே இலையின் அடியில் பூச்சி பொறுக்கும். அப்புறம் தொலைநோக்கியை எடுங்கள்: கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர் புருவம், சிறகில் மெல்லிய ஒற்றைக் கோடு. கோடு தேய்ந்து மறைந்தும் போகும், அதை மட்டும் நம்ப வேண்டாம். இன்று தவறினாலும் சரி, குளிர்காலத்தில் தனக்கென்று ஓர் எல்லை பிடித்துக் காக்கும் பறவை இது. நாளை அதே மரத்தடிக்குப் போங்கள்.