முதல் கைவினைக் கத்தி: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

அலங்காரக் கத்தி என்றால் செதுக்கு வேலையும் தங்கக் கம்பியும்தான் முதலில் கண்ணில் படும். அவற்றைக் கடைசியில் பாருங்கள். கத்தியாகவே தேறாத ஒன்றை எவ்வளவு அலங்கரித்தாலும் சேகரிப்பாளர் யாரும் மதிப்பதில்லை.

1. செய்தவர் யார்?

அமெரிக்கக் கத்திகளில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். 1976இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி, கொல்லர்களுக்குத் தேர்வு வைக்கிறது. தேர்வுக்கு வருபவர், தான் அடித்த கத்தியால் தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டங்களை வெட்டித் துண்டாக்கிய பிறகும் அதே கத்தி கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் அதை இடுக்கியில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள், உடையக் கூடாது. தேறி 'ஜர்னிமேன்' ஆனவர் அலகில் 'ஜேஎஸ்' என்றும், அடுத்த படியான 'மாஸ்டர்' ஆனவர் 'எம்எஸ்' என்றும் முத்திரை இடலாம். என்னைக் கேட்டால், புதிதாக ஜேஎஸ் வாங்கியவரிடம் தொடங்குங்கள். வேலை சுத்தமாக இருக்கும், விலையும் அந்த அளவுக்கு ஏறியிருக்காது.

2. கையில் எடுத்துப் பாருங்கள்

அட்லாண்டாவில் நடக்கும் பிளேடு ஷோ போன்ற கண்காட்சிகளில் இது எளிது. கேட்டுவிட்டுத் தொடுங்கள், அலகில் விரல் படாமல் பிடியுங்கள். கத்தியின் முதுகைக் கண்ணுக்கு நேராக வைத்தால் கோணல் தெரிந்துவிடும். அப்புறம் இரண்டு பக்கமும் சாணை பிடித்த சரிவு ஒரே இடத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். கைக்காப்பும் (அலகுக்கும் பிடிக்கும் நடுவே விரலைக் காக்கும் உலோகத் துண்டு) அலகும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளி தெரிந்தால் வேண்டாம். பிடியும் உலோகமும் சேரும் விளிம்பில் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. மடக்குக் கத்தியா? மூடினால் அலகு நடுவில் நிற்க வேண்டும், திறந்தால் ஆடக் கூடாது.

3. டமாஸ்கஸ் வரி நிஜம்தானா?

அலகில் அலை அலையாகத் தெரியும் கோலம்தான் டமாஸ்கஸ் வரி. அதற்கு 1084, 15என்20 என்ற இரண்டு எஃகுகளை அடுக்கி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைப்பது இன்றைய வழக்கம். அமிலத்தில் முக்கினால் முதலாவது கறுக்கும். நிக்கல் கலந்த இரண்டாவது பளிச்சென்று நிற்கும். மேலே மட்டும் அச்சடித்த போலி வரி பக்கத்தோடு நின்றுவிடும். அசல் வரி முதுகிலும் தொடரும். மங்கலான படத்தை மட்டும் அனுப்பும் விற்பனையாளரிடம் முதுகைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

4. சட்டம்

யானைத் தந்தப் பிடி போட்டதை இந்தியாவுக்குக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். மான்கொம்புப் பிடியும் வம்புதான். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும். பணம் கட்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

5. பாதுகாப்பு

தோல் உறை அழகுக்குத்தான். கத்தியை அதற்குள்ளேயே வைத்திருந்தால் தோலின் ஈரமும் பதனிட்ட ரசாயனமும் எஃகை அரித்துப் புள்ளி புள்ளியாக்கிவிடும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். எடுத்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் கைரேகையைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயோ உலோகத்தைக் காக்கும் 'ரினைசான்ஸ்' மெழுகோ மெல்லிசாகப் பூசுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு வையுங்கள்.