ஒன்பதாம் கோளைத் தேட வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் சில பனிப்பொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாக நீண்டிருக்கின்றன, அவற்றை இழுத்து வைத்திருப்பது இன்னும் கண்ணில் படாத ஒரு பெரிய கோள் என்று 2016 ஜனவரியில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக வானியலாளர்கள் கான்ஸ்டன்டின் பேட்டிகினும் மைக் பிரவுனும் எழுதினார்கள். அன்றிலிருந்து பொதுவில் கிடைக்கும் வான் படங்களை இறக்கிவைத்துத் தேடப் புறப்படும் மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தவறுகள் மட்டும் மாறவில்லை, எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள்தான். செயற்கைக்கோளைக் கோள் என்று நினைப்பது, கேமராவின் பழுதான பிக்சலைப் பார்த்துத் துள்ளுவது எல்லாம் போகப் போகத் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிபிரு

பூமியில் மோத வருவதாக வதந்தியில் உலவும் கற்பனைக் கோள் அது. அந்தப் பேச்சோடு வந்தால் டீ மட்டும்தான் கிடைக்கும்.

நெப்டியூன் கதையை நம்பிக் கிளம்புவது

1846-ல் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டுச் சொன்ன இடத்திலிருந்து 1 பாகைக்குள், தேடத் தொடங்கிய இரவிலேயே பெர்லினில் வானியலாளர் காலே நெப்டியூனைப் பிடித்துவிட்டார். இங்கே அப்படி ஓர் இடத்தை யாரும் சொல்லவில்லை. பாதையின் உருவம் தோராயமாகத் தெரியும். கோள் அதில் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியாது. 2021-ல் பிரவுனும் பேட்டிகினும் திருத்திய கணக்கில் நிறை பூமியைப் போல் சுமார் 6 மடங்கு, சூரியனிலிருந்து சராசரித் தொலைவு 380 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்), அதிலும் நூறு அலகு கூடலாம் குறையலாம். சூரிய ஒளி போகும்போதும் மங்கும், பட்டுத் திரும்பும்போதும் மங்கும். அதனால் தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் 16-ல் ஒரு பங்காகிவிடும்.

தப்பான மாதம்

500 அலகு தொலைவில் உள்ள கோள், சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாட்களில், ஒரு நாளைக்கு நிலவின் அகலத்தில் சுமார் 250-ல் ஒரு பங்குதான் நகரும். அதுவும் பெரும்பாலும் பூமி நகர்வதால் வரும் தோற்றம். மூன்று மாதம் தள்ளிப் பார்த்தால் அசையாமல் நிற்கும், நட்சத்திரம் என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

எங்கே, எவ்வளவு தேடினோம் என்று அளக்காமல் விடுவது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு மாணவர் பல மாதம் உட்கார்ந்து வானத்தின் ஒரு பெரிய பகுதியைச் சலித்துவிட்டு வந்து, "சார், அங்கே கோள் இல்லை" என்றார். எவ்வளவு மங்கலான பொருள் வரைக்கும் உங்கள் நிரல் பிடிக்கும் என்று கேட்டேன். தொலைநோக்கியின் எல்லையைச் சொன்னார். நான் கேட்டது அது இல்லை. கோள் என்று சொல்ல ஒரு பொருள் பல இரவுகளில் சிக்க வேண்டும். ஓர் இரவு மேகம், ஓர் இரவு முழுநிலவு, இன்னொரு இரவு அது இரண்டு சென்சார்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் விழுந்துவிடும். படத்தில் பதிவாகியும் நிரலிடமிருந்து தப்பிய கோள்கள் எத்தனை என்று அவரிடம் கணக்கே இல்லை.

வழி ஒன்றுதான். தேடும் முன்பே பொய்க்கோள்களை ஆயிரக்கணக்கில் தரவுக்குள் போட்டு, நிரல் எத்தனையைப் பிடிக்கிறது என்று எண்ண வேண்டும். பிரவுன் குழுவினர் தங்கள் கணிப்புக்குள் அடங்கும் கற்பனைக் கோள்களை வைத்துத்தான் சோதித்தார்கள். அதனால்தான் 2022-ல் கலிஃபோர்னியாவில் வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் இசட்.டி.எஃப். தொலைநோக்கித் திட்டத்தின் படங்களைச் சலித்தபின் 56% வாய்ப்பு அடிபட்டது என்றும், 2024-ல் ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கிப் படங்களையும் சேர்த்தபின் 78% அடிபட்டது என்றும் அவர்களால் சொல்ல முடிந்தது. இது வானத்தில் 78% இல்லை, அந்தக் கணிப்பு அனுமதிக்கும் கோள்களில் 78%. இந்த வித்தியாசம் புரியாமல், ஒரு கருத்தரங்கில் அனுபவசாலி ஒருவரே வானத்தின் வரைபடம் முழுக்க ஒரே பச்சையைப் பூசி "தேடியாயிற்று" என்று காட்டினார். பால்வழியின் நெரிசல் பகுதியும் அதே பச்சை! நட்சத்திரங்கள் மொய்க்கும் அந்த இடத்தில் மங்கலான புள்ளி எதுவும் எளிதில் பிடிபடாது.

இதே தவறு மறுபக்கத்திலும் உண்டு. நெப்டியூனுக்கு அப்பால் நீள்பாதையில் சுற்றும் செட்னா போன்ற பனிப்பொருள்கள் சூரியனுக்கு அருகே வரும்போதுதான் கண்ணில் படும். தொலைநோக்கிகளோ பால்வழியைத் தவிர்க்கும், மழைக்கால வானத்தைத் தவிர்க்கும். அப்படியானால் ஒரே பக்கமாகக் குவிந்திருப்பது பொருள்களா, நம் பார்வையா? 2021-ல் வானியலாளர் நேப்பியரின் குழு இப்படிப்பட்ட 14 பொருள்களை எடுத்து இந்தச் சார்பைக் கழித்துப் பார்த்தது. சீரான பரவலோடும் அவை ஒத்துப்போகின்றன என்றது. அதே ஆண்டு பிரவுனும் பேட்டிகினும் தங்கள் பட்டியலில் சார்பைக் கழித்தபின்னும் குவியல் 99.6% உறுதி என்றார்கள். எவ்வளவு தேடினோம் என்ற கணக்கில்தான் இரு தரப்பும் மோதுகின்றன. அதைப் போடாமல் வருகிறவருக்கு இந்த விவாதத்தில் பேச எதுவும் இருக்காது.

இரண்டு புள்ளியை வைத்துப் பாதை போடுவது

2025-ல் ஒரு குழு, 1983-ன் ஐராஸ் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளியையும் 2006-ன் அகாரி செயற்கைக்கோள் படத்தில் இன்னொரு புள்ளியையும் ஒரே பொருளாக இருக்கலாம் என்று சொன்னது. குழு அடக்கமாகத்தான் எழுதியிருந்தது. செய்திகள்தான் கோளே கிடைத்துவிட்டதாகக் குதித்தன. மூன்றாவது புள்ளி வரட்டும், அப்புறம் பேசலாம்.

ரூபின் வரட்டும் என்று கைகட்டி இருப்பது

சிலியில் உள்ள புதிய ரூபின் தொலைநோக்கியின் 8.4 மீட்டர் கண்ணாடி 2025 ஜூனில் முதல் படங்களைத் தந்துவிட்டது. ஆனால் தென்வானை நோக்கி இருப்பதால் வடவானின் பெரும்பகுதி அதற்கு எட்டாது. அந்தப் பக்கத்துக்கு ஹவாயின் சுபாரு தொலைநோக்கியும், ஏற்கெனவே எடுத்துக் கிடக்கும் படங்களும்தான்.