பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏற்றலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்பூட் வட்டாரத் தோட்ட வீடுகளில், மூத்த பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு வாங்கிய மடிக்கணினி பிறகு தம்பியின் எஸ்பிஎம் தேர்வுப் பாடங்களுக்கும் அப்பாவின் வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கும் கைமாறிக்கொண்டே இருக்கும். அதில் பெரும்பாலும் விண்டோஸ் 10 இருக்கும்; அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. கணினி முன்போலவே ஓடும் என்றாலும், புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடாது. வங்கி வேலை நடக்கும் கணினியை அந்த நிலையில் விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் கணினியின் செயலி (புராசஸர்) எண்ணைப் பாருங்கள். இன்டெல் ஐ5-8250யு என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8 அது எட்டாம் தலைமுறை என்பதைக் காட்டுகிறது. விண்டோஸ் 11 அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஐ5-7200யு போன்ற ஏழாம் தலைமுறைச் செயலிகள், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, ஏற்கப்படுவதில்லை. ஏஎம்டி செயலியாக இருந்தால், மைக்ரோசாப்டின் இலவச மென்பொருளான பிசி ஹெல்த் செக்கை ஓட்டிப் பார்ப்பதே எளிது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இல்லை என்று அது சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் டிபிஎம், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கும், இயக்கிவிட்டால் போதும்.

தகுதி இருந்தும் கணினி மந்தமாக இருந்தால், பழைய சுழல்தட்டை (ஹார்ட் டிஸ்க்) எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்துங்கள். குறைந்தபட்ச நினைவகம் (ரேம்) 4 ஜிபி என்கிறார்கள். 8 ஜிபி இல்லாமல் நான் ஏற்றச் சொல்லமாட்டேன்.

தகுதி இல்லாத கணினியில் குறுக்குவழியில் ஏற்றினால், திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்ற உறுதி கிடையாது. அதைவிட, விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டையும் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்; வட்டில் இருப்பதை அது தொடாது. ஆனால் மைக்ரோசாப்ட் ஆபீஸ் அதில் நேரடியாக நிறுவப்படாது என்பதால், பிள்ளையின் பள்ளிக்கு எந்தக் கோப்பு வடிவம் தேவை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும், குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் வெளி வட்டில் படியெடுங்கள். விண்டோஸ் 11-இன் பதிவிறக்கம் பல ஜிபி இருக்கும். கைப்பேசித் தரவை நம்பித் தொடங்காமல், பட்டணத்தில் ஃபைபர் இணைப்புள்ள உறவினர் வீட்டில் செய்வது நல்லது. ஏற்றிய பின் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அச்சுப்பொறி, வங்கித் தளம், பாட மென்பொருள் ஆகியவற்றை அதற்குள் ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள்.